ஜப்பானியத் தொடர்வண்டி நிலையங்களில் தானியங்கிச் சீட்டு வாயில்கள்

தானியங்கிச் சீட்டு வாயில் என்பது தொடர்வண்டி நிலையத்தின் நுழைவிடத்திலும் வெளியேறும் இடத்திலும் நின்று, பயணியின் சீட்டை ஊழியரின் துணையின்றிப் பரிசோதித்து, வழி விடவோ தடுக்கவோ செய்யும் பொறியாகும். இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் இதைக் காணலாம். ஆனால் காகிதச் சீட்டு, காந்தச் சீட்டு, தொட்டுச் செல்லும் அட்டை, முகத்தை அடையாளம் காணும் வாயில் என இதன் எல்லாப் படிநிலைகளையும் ஒரே நாட்டில் காண வேண்டுமானால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். இக்கட்டுரை அந்நாட்டின் வாயில்களின் கதையைக் கூறுகிறது.

அட்டைச் சீட்டும் துளைக் கத்தரியும்

கதை தொடங்குவது இங்கிலாந்தில். அலமாரி செய்யும் தச்சராக இருந்து, தொழிலில் நொடித்துப்போய், 1830-களில் நியூகாசில் - கார்லைல் தொடர்வண்டிப் பாதையில் ஒரு சிறு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த தாமசு எட்மன்சன் என்பவர், ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதித் தரும் வழக்கத்தை மாற்ற நினைத்தார். முன்கூட்டியே அச்சிட்டு வரிசை எண் இட்ட சிறிய தடித்த அட்டைகளையும், அவற்றில் தேதி பதிக்கும் கருவியையும் உருவாக்கினார். அந்த அட்டைச் சீட்டு உலகெங்கும் பரவியது. நம் நாட்டில் கணினிச் சீட்டு வருவதற்கு முன் சாளரத்தின் அடியில் "டக்" என்று தேதி குத்திக் கொடுத்த அட்டை அதுதான். என் வயதினர் பலர் அதைப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ஜப்பானும் இதே அட்டையைப் பின்பற்றியது. அங்கே நிலைய வாயிலில் கூண்டு போன்ற சிறு தடுப்புக்குள் ஊழியர் நின்று, நீட்டப்படும் சீட்டை இடுக்கி போன்ற கத்தரியால் துளையிட்டுத் தருவார். துளையின் வடிவம் நிலையத்துக்கு நிலையம் மாறும். ஆகவே துளையைப் பார்த்தே பயணி எங்கே ஏறினார் என்று சொல்லிவிட முடியும். கூட்டம் இல்லாத இடைவெளியிலும் ஊழியர்கள் கத்தரியைத் தாளத்தோடு தட்டிக்கொண்டே இருப்பார்கள். நெரிசல் நேரம் முடியும்போது அவர்கள் காலடியில் துளையிட்ட அட்டைத் துணுக்குகள் குவிந்து கிடக்கும்.

மனிதரில்லா வாயிலுக்கான முதல் முயற்சி ஜப்பானில் 1927-லேயே நடந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று டோக்கியோவில் ஊவேனோ, அசக்குசா ஆகிய இடங்களுக்கிடையே 2.2 கிலோமீட்டர் நீளத்தில் முதல் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. எங்கே இறங்கினாலும் கட்டணம் 10 சென். நாணயத்தை இட்டால் சுழலும் தடுப்பு ஒருமுறை சுற்றி ஆளை உள்ளே விடும். பாதை நீண்டு, தூரத்துக்கேற்ற கட்டணம் வந்ததும் இந்தச் சுழல் தடுப்பு பயனற்றுப் போனது. நாணயத்தின் மதிப்பை மட்டுமே அறிந்த பொறியால் பயணி எவ்வளவு தூரம் போகிறார் என்பதை எப்படி அறிய முடியும்? அடுத்த நாற்பது ஆண்டுகள் இந்த ஒரு கேள்வியே தடையாக நின்றது.

வட சென்ரி நிலையம், 1967

போருக்குப் பிந்தைய பொருளாதார வளர்ச்சியில் ஜப்பானிய நகரங்களின் காலை நேரத் தொடர்வண்டிகள் பிதுங்கி வழிந்தன. பயணிகளைப் பெட்டிக்குள் தள்ளி ஏற்றுவதற்கென்றே ஆட்கள் அமர்த்தப்பட்ட காலம் அது. பெட்டிகளை நீட்டலாம், வண்டிகளைக் கூட்டலாம். ஆனால் இறங்கிய கூட்டம் முழுவதும் நாலைந்து ஊழியர்களின் முன்னே வந்து தேங்கியது. அந்த ஊழியரோ சீட்டின் நிலையம், கட்டணம், தேதி ஆகியவற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் படித்தாக வேண்டும். பருவச் சீட்டு வைத்திருப்பவர் அதைக் காட்டிவிட்டு ஓடுவார். அதில் காலாவதி ஆனது எது என்று பிடிப்பது பெரும்பாலும் ஊழியரின் கண்ணையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது.

ஒசாக்கா பகுதியில் பாதைகளை இயக்கிய கின்டெட்சு என்னும் தனியார் நிறுவனமும் ஒசாக்கா பல்கலைக்கழகமும் 1960-களின் நடுவில் இதற்கான ஆய்வில் இறங்கின. பொறியை உருவாக்கும் பணியில் கியோட்டோவில் இயங்கிய ததேய்சி மின்னணு நிறுவனம் சேர்ந்தது. கசுமா ததேய்சி என்பவர் 1933-இல் தொடங்கிய இந்நிறுவனமே பிற்காலத்தில் ஒம்ரான் என்று பெயர் பெற்றது. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் நம் வீடுகளிலும் காணும் அதே பெயர்தான்.

பொறியாளர்கள் எதிர்கொண்ட சிக்கல்கள் பல. அவற்றுள் முதலாவது ஆளையும் பொருளையும் பிரித்தறிவது. வாயிலின் இருபுறமும் ஒளிக்கற்றைகளை நிறுத்தி, அவை மறிக்கப்படும் வரிசையைக் கொண்டு நடந்து செல்வது ஒருவரா, இருவரா, ஒருவரும் அவர் பெட்டியுமா என்று பொறி முடிவு செய்ய வேண்டியிருந்தது. அடுத்தது சீட்டின் திசை. அவசரத்தில் இருக்கும் பயணி சீட்டை நேராகவும் இடுவார், கோணலாகவும் இடுவார். கோணலாக நுழைந்த சீட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். இதற்கான தீர்வு பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. மலையோடையில் மீன் பிடிக்கப் போன பொறியாளர் ஒருவர், நீரில் மிதந்து வந்த மூங்கில் இலை ஒரு கல்லில் இடித்ததும் சுழன்று ஓட்டத்தின் திசைக்கே திரும்பி நீள்வாக்கில் சென்றதைக் கண்டாராம். சீட்டு ஓடும் வழியில் அந்தக் கல்லைப் போலவே ஒரு சிறு தடுப்பை வைத்துச் சீட்டைத் திருப்பினார்கள் என்பர்.

1967 மார்ச் 1 அன்று ஒசாக்காவுக்கு வடக்கே புதிதாக எழுந்துகொண்டிருந்த சென்ரி குடியிருப்பு நகரத்தில் வட சென்ரி நிலையம் திறக்கப்பட்டது. இன்று ஹான்கியூ எனப்படும் தனியார் நிறுவனத்தின் நிலையம் அது. ததேய்சி உருவாக்கிய வாயில்கள் இங்கேதான் முதன்முதலில் நிறுவப்பட்டன. பருவச் சீட்டுகள் துளையட்டை முறையிலும், ஒருமுறைச் சீட்டுகள் காந்தப் பூச்சு முறையிலும் இயங்கின. பின்னர்க் காந்த முறையே இரண்டுக்கும் பொதுவாயிற்று. இரும்பு ஆக்சைடு பூசிய சீட்டின் முதுகில் ஏறிய நிலையம், தேதி, கட்டணம் ஆகியவை பதிவாகும். அதாவது, சீட்டே தன் கதையைப் பொறிக்குச் சொல்லத் தொடங்கியது. 1927-இல் நின்றுபோன கேள்விக்கு இப்படி விடை கிடைத்தது.

இலண்டன் சுரங்கப் பாதையில் 1964 சனவரியிலேயே ஸ்டாம்ஃபோர்டு புரூக் நிலையத்தில் காந்தச் சீட்டு வாயில் சோதிக்கப்பட்டது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆகவே "உலகின் முதல் தானியங்கி வாயில்" என்று வட சென்ரியைச் சிலர் எழுதுவது சரியன்று. அன்றாடப் பயணிகளின் பெருங்கூட்டத்தை நாள்தோறும் கையாளும் ஒரு முழு அமைப்பாக அதை நடத்திக் காட்டியதே ஒசாக்காவின் பெருமை. மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கழகமான ஐ.இ.இ.இ. 2007-இல் இப்பணியைத் தன் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்தது.

ஜப்பானிய வாயிலுக்கு ஒரு தனிப் பண்பு உண்டு. நம் ஊர் மெட்ரோ வாயில்கள் மூடியே இருக்கும். சீட்டைக் காட்டினால் திறக்கும். ஜப்பானிய வாயில் திறந்தே இருக்கும். சீட்டில் குறை இருந்தால் மட்டும் மூடும். எல்லாரையும் நேர்மையாளர் என்று கொண்டு நடத்தி, தவறியவரை மட்டும் நிறுத்தும் முறை இது என்று இதற்கு அறநெறி விளக்கம் தருவோர் உண்டு. உண்மையான காரணம் வேகம். ஒவ்வொருவருக்கும் கதவு திறந்து மூடினால் நிமிடத்துக்கு அறுபது பேர் கடக்க முடியாது. நடையை நிறுத்தாமலே போகலாம் என்பதால்தான் அந்தக் கூட்டம் கரைகிறது. வாயிலின் நீளமும் இதற்காகவே வகுக்கப்பட்டது. பயணி ஒரு முனையில் சீட்டை இட்டு மறுமுனைக்கு நடந்து செல்வதற்குள் அது உள்ளே ஓடி, படிக்கப்பட்டு, துளையிடப்பட்டு, அவருக்கு முன்பாகவே வெளியே தலைநீட்டிக் காத்திருக்க வேண்டும்.

டோக்கியோ ஏன் பின்தங்கியது

ஒசாக்கா வட்டாரத்தில் 1970-களில் இவ்வாயில்கள் பரவிவிட்டன. தலைநகர் டோக்கியோவிலோ 1980-களின் இறுதியிலும் கத்தரி ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. புதுமை என்றால் தலைநகரில்தான் பிறக்கும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல மறுப்பு. டோக்கியோவில் அரசுத் தொடர்வண்டி, சுரங்கப் பாதைகள், பல தனியார் பாதைகள் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரே சீட்டில் இரண்டு மூன்று நிறுவனங்களின் வண்டிகளில் மாறிச் செல்லலாம். ஒருவர் மட்டும் பொறி வைத்துப் பயனில்லை. அரசுத் தொடர்வண்டித் துறை 1973-இல் திறந்த முசாஷினோ பாதையில் தானியங்கி வாயில்களை அமைத்துப் பார்த்தது. மற்றப் பாதைகளிலிருந்து வரும் பயணிகளின் சீட்டில் காந்தப் பூச்சு இல்லாததால் அவை ஒதுக்கப்பட்டு, பின்னர் அகற்றப்பட்டன. வலுவான தொழிற்சங்கங்கள் இருந்த அத்துறையில் ஆட்குறைப்புப் பற்றிய அச்சமும் தயக்கத்துக்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

1987 ஏப்ரல் 1 அன்று அரசுத் தொடர்வண்டித் துறை பிரிக்கப்பட்டுத் தனியார்மயமானது. டோக்கியோவைத் தன் பங்காகப் பெற்ற கிழக்கு ஜப்பான் தொடர்வண்டி நிறுவனம் 1990 முதல் வாயில்களை வேகமாக நிறுவியது. சில ஆண்டுகளில் கத்தரி பிடித்த கைகள் வாயிலை விட்டு விலகின.

நிறுவனங்களுக்கு இதில் ஆட்செலவு மட்டும் கணக்கன்று. ஜப்பானில் கட்டண ஏய்ப்புக்கு "கிசேரு" என்று ஒரு பெயர் உண்டு. கிசேரு என்பது பழைய புகைக்குழாய். வாய் வைக்கும் முனையும் புகையிலை வைக்கும் முனையும் உலோகம், நடுவே மூங்கில். ஏறும் இடத்தில் குறைந்த தூரச் சீட்டு, இறங்கும் இடத்தில் அதே போன்ற இன்னொரு சீட்டு அல்லது பருவச் சீட்டு, நடுவில் உள்ள நெடுந்தூரத்துக்கு ஒன்றுமில்லை. இரு முனைகளில் மட்டுமே உலோகம், அதாவது பணம். ஏய்ப்புக்கு இத்தனை பொருத்தமான பெயர் வேறு மொழியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கே நுழைந்தார் என்ற பதிவு இல்லாத சீட்டை வெளியே விடாதபடி வாயில்களைப் பிணைத்த பின்னரே இந்த வழி அடைபட்டது.

தொட்டுச் செல்லும் அட்டை

காந்தச் சீட்டு வாயிலின் உள்ளே பட்டைகளும் உருளைகளும் நிறைந்திருக்கும். அவை தேயும், தூசி படியும், அடிக்கடி பழுது பார்க்க வேண்டும். பையிலிருந்து சீட்டை எடுக்காமலே போகும் வழி உண்டா என்று கிழக்கு ஜப்பான் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தேடினர். சோனி நிறுவனம் உருவாக்கிய ஃபெலிகா என்னும் சில்லு அதற்கு உதவியது.

இந்த அட்டைக்குள் மின்கலம் இல்லை. வாயிலின் மேற்பரப்பில் இருந்து 13.56 மெகாஹெர்ட்சு அதிர்வெண்ணில் மாறும் காந்தப்புலம் எழுகிறது. அட்டையின் ஓரமாகச் சுற்றப்பட்ட மெல்லிய கம்பிச்சுருளில் அது மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்தத் துளி மின்சாரத்தில் சில்லு விழித்து, தன் கணக்கைச் சொல்லி, புதிய கணக்கை எழுதிக்கொண்டு மீண்டும் உறங்குகிறது. வகுப்பில் மின்காந்தத் தூண்டலுக்கு மிதிவண்டி டைனமோவையே எடுத்துக்காட்டாகச் சொல்லிவந்தோம். இப்போது ஆசிரியர்கள் இந்த அட்டையைக் காட்டலாம். இத்தனையும் சுமார் 0.2 நொடியில் முடிய வேண்டும். மையக் கணினியைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்ல நேரம் இல்லை. ஆகவே முடிவு எடுப்பது வாயிலே; மையக் கணினிக்குக் கணக்கு பின்னர்ப் போய்ச் சேரும்.

பொறி தயாரானாலும் மனிதர்கள் தயாராக இல்லை. 1990-களின் நடுவில் நடந்த சோதனைகளில் பயணிகள் அட்டையை எங்கெங்கோ காட்டினர். சிலர் வேகமாக வீசிச் சென்றனர். சிலர் செங்குத்தாகப் பிடித்தனர். சிலர் வாயிலின் வேறு ஏதோ ஒரு பகுதியைத் தொட்டுப் பார்த்தனர். வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனக்கா பல வடிவங்களை டோக்கியோவின் தமாச்சி நிலையத்தில் வைத்து, மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத் திருத்தினார். இறுதியில், ஒளிரும் பரப்பைப் பயணியை நோக்கி 13.5 பாகை சாய்த்து வைத்தால் பெரும்பாலோர் தாமாகவே அட்டையைச் சரியான இடத்தில் ஒரு கணம் நிறுத்துகிறார்கள் என்று கண்டார். இந்த முழு வரலாற்றிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பயணியைத் திருத்த முயலாமல் பொறியைத் திருத்தினார்கள்.

2001 நவம்பர் 18 அன்று டோக்கியோ வட்டாரத்தின் 424 நிலையங்களில் "சுய்க்கா" அட்டை அறிமுகமானது. "சுய் சுய்" என்றால் தடையின்றி வழுக்கிச் செல்வது. "சுய்க்கா" என்றால் தர்ப்பூசணி. அட்டையும் பச்சை நிறம். ஒசாக்காவின் அட்டைக்கு "இக்கோக்கா" என்று பெயர்; அந்த வட்டார வழக்கில் "போகலாமா?" என்று பொருள். ஆங்காங் நகரம் 1997 செப்டம்பரிலேயே இதே சில்லைக் கொண்ட ஆக்டோபசு அட்டையை வெளியிட்டு முந்திக்கொண்டது. 2004-இல் சுய்க்கா கடைகளிலும் செல்லுபடியாகும் பணமாயிற்று. 2006-இல் கைப்பேசிக்குள் புகுந்தது. 2013 மார்ச் 23 முதல் நாடெங்குமுள்ள பத்து வகை அட்டைகள் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று செல்லுபடியாகும் நிலை வந்தது.

வாயில் தடுத்தவை

இந்த வெற்றிக் கதைக்குள் சில கசப்பான பக்கங்களும் உண்டு. 2007 அக்டோபர் 12 அதிகாலை, டோக்கியோ வட்டாரத்தில் 600-க்கும் மேற்பட்ட நிலையங்களில் 4,000-க்கும் மேற்பட்ட வாயில்கள் இயங்க மறுத்தன. செல்லாத அட்டைகளின் பட்டியலை வாயில்கள் நாள்தோறும் பெற்றுக்கொள்ளும். அதைப் படிக்கும் நிரலில் இருந்த பிழையே காரணம். நிறுவனங்கள் வாயில்களைத் திறந்துவிட்டுப் பயணிகளை இலவசமாக அனுமதித்தன. சுமார் 26 இலட்சம் பேர் அன்று பாதிக்கப்பட்டனர்.

2013-இல் வேறு வகையான சிக்கல் எழுந்தது. பயணிகள் எங்கே ஏறி எங்கே இறங்கினர் என்ற சுய்க்கா பதிவுகளை, பெயர்களை நீக்கி, கிழக்கு ஜப்பான் நிறுவனம் ஹிட்டாச்சி நிறுவனத்துக்கு விற்றது தெரியவந்தது. பெயர் இல்லாவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே நிலையத்தில் ஏறி இறங்குபவர் யார் என்று கண்டுபிடிப்பது கடினமன்று. முன்கூட்டி யாரிடமும் கேட்கவில்லை என்று எதிர்ப்புக் கிளம்பவே, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அவ்விற்பனையை நிறுத்திவைத்தது. துளையிட்ட அட்டையைக் குப்பையில் போட்டால் பயணம் மறக்கப்பட்ட காலம் முடிந்துவிட்டதை மக்கள் உணர்ந்தது அப்போதுதான்.

படிக்கும் பரப்பு எப்போதும் வலக்கைப் பக்கமே இருப்பதால் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் கையைக் குறுக்கே நீட்ட வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்குமான அகன்ற வாயில்கள் இப்போது பரவலாக உள்ளன. சிறுவர் சீட்டுக்கு வாயில் குஞ்சுப் பறவை போல் ஒலி எழுப்பும். பெரியவர் யாராவது சிறுவர் சீட்டில் நுழைந்தால் அருகில் நிற்பவருக்குத் தெரிந்துவிடும் என்பதே அதன் நோக்கம். குழந்தைகளோ அதைத் தங்களுக்கான வாழ்த்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் கனமான கேள்வி, வாயிலில் இருந்த மனிதர் எங்கே போனார் என்பது. ஜப்பானில் உள்ள சுமார் 9,500 நிலையங்களில் ஏறத்தாழப் பாதி இன்று ஆளில்லா நிலையங்கள். ஊர்ப்புறங்களில் மக்கள்தொகை குறைந்ததே இதற்கு முதற்காரணம். ஆனால் சீட்டைப் பார்க்கும் பொறி இல்லாதிருந்தால் நகரை ஒட்டிய நிலையங்களிலிருந்து ஊழியரை இத்தனை எளிதாக விலக்கியிருக்க முடியாது. கத்தரி பிடித்தவர் சீட்டை மட்டும் பார்க்கவில்லை. பார்வையற்றவரைக் கைபிடித்து நடைமேடைக்கு அழைத்துச் சென்றார். சக்கர நாற்காலிக்குச் சாய்பலகை போட்டார். வழி தவறிய முதியவரை உட்கார வைத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வேலைகள் ஊதியப் பட்டியலில் தனியாக எழுதப்படாததால், ஆட்குறைப்புக் கணக்கில் அவை இடம்பெறவே இல்லை. கியூஷு தீவின் ஒயித்தா நகரைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் 2020-இல் இதை நீதிமன்றத்துக்கே கொண்டுசென்றனர். நிலையத்தில் ஆள் இல்லாததால், உதவிக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காமல் தாங்கள் விரும்பிய நேரத்தில் பயணம் செய்ய முடியவில்லை என்பது அவர்கள் வாதம்.

இன்றைய வாயில்கள்

2023 மார்ச்சில் ஒசாக்கா நிலையத்தின் புதிய சுரங்க நடைமேடைகள் திறக்கப்பட்டபோது, முன்பதிவு செய்தவர்களின் முகத்தைக் கண்டு வழிவிடும் வாயில் அங்கே சோதனைக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு கோடையில் உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டால் டோக்கியோவில் சுய்க்கா அட்டை விற்பனையையே சில காலம் நிறுத்த நேர்ந்தது. சில இடங்களில் வங்கிக் கடனட்டையைத் தொட்டே உள்ளே போகலாம். ஒக்கினாவா தீவின் ஒற்றைத் தண்டவாளப் பாதை 2014 முதலே கியூஆர் குறியீடு அச்சிட்ட காகிதச் சீட்டைப் பயன்படுத்துகிறது.

கியூஆர் முறை இப்போது டோக்கியோவுக்கும் வருகிறது. கிழக்கு ஜப்பான் நிறுவனம் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள், 2026 நிதியாண்டின் இறுதியிலிருந்து காந்தச் சீட்டுகளைப் படிப்படியாகக் கைவிட்டுக் கியூஆர் சீட்டுகளுக்கு மாறப்போவதாக 2024 மே மாதம் அறிவித்தன. காந்தப் பூச்சுள்ள தாளை மறுசுழற்சி செய்வது கடினம், உருளைகள் உள்ள பொறியைப் பராமரிக்கும் செலவு அதிகம் என்பவை அவை கூறும் காரணங்கள். வட சென்ரியில் தொடங்கிய காந்தச் சீட்டின் காலம் தலைநகரில் ஏறத்தாழ அறுபதாண்டு நிறைவில் முடிவுக்கு வருகிறது. அட்டையையோ கைப்பேசியையோ தொடக்கூட வேண்டாத, வெறுமனே நடந்து செல்லும் வாயில்களைக் கொண்டுவரப்போவதாகவும் கிழக்கு ஜப்பான் நிறுவனம் அறிவித்திருக்கிறது.

நமக்கும் இந்த வரலாற்றில் ஒரு தொடர்பு உண்டு. 2015 சூன் 29 அன்று கோயம்பேடு - ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கிய சென்னை மெட்ரோவின் முதற்கட்டப் பாதைகளுக்குத் தானியங்கிக் கட்டண வசூல் அமைப்பை வழங்கியது ஜப்பானின் நிப்பான் சிக்னல் நிறுவனம். துளைக் கத்தரியின் காலமும் காந்தச் சீட்டின் காலமும் சென்னை மெட்ரோவுக்கு இல்லை. அது நேராகத் தொட்டுச் செல்லும் வில்லையிலும் அட்டையிலும் தொடங்கி, கியூஆர் சீட்டுக்கும் வந்துவிட்டது. இங்கே வாயிலின் ஓரத்தில் இன்னும் ஓர் ஊழியர் நிற்கிறார். சீட்டை எங்கே காட்டுவது என்று தெரியாமல் நிற்கும் ஊர்ப்புறத்துப் பாட்டிக்கு அதை வாங்கிக் காட்டிக் கதவைத் திறந்துவிடுவது அவர்தான்.